தொப்பிக்குள் ஒரு தோட்டா

நான் குடியிருந்த டிரெய்லர் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமைக் காலை. ‘விற்பனைக்கு’ என்று அட்டை எழுதி ஜன்னலில் செருகிவிட்டு, பால் வாங்கப் போய்த் திரும்பியிருந்தேன். அடியில் யாரோ எதையோ கொண்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். “யாருங்க அது?” என்றேன். தட்டல் நிற்கவில்லை.

“இதுக்கு வயித்துல துணியே இல்லையே பையா. அம்மணமால்ல நிக்குது!” என்றது ஒரு பெண்குரல்.

வயிறு என்றது டிரெய்லரின் அடிப்பாகத்தை. தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் அங்கேதான் தொங்கும். குளிர்தாங்கும் வண்டி என்றால் அவற்றை மூடித் தகடு போட்டிருப்பார்கள். என்னுடையதில் தகடும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பூட்ஸுக்குரியவர் மெல்ல நகர்ந்து வெளியே வந்தார். எழுபதை நெருங்கிய வயது, கத்தரித்த நரைமுடி, ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி. ஈரத்தரையில் தன் முதுகுக்கு அடியில் ஒரு புத்தம்புதிய சமையல் ஏப்ரனை விரித்திருந்தார். அதில் வாணலிப் படம் போட்டு, ‘முகாமின் சமையல் ராணி’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. ராணி என்ற எழுத்துகளின் தலைமீது கிரீஸ் அப்பியிருந்தது.

“வாங்கத்தான் வந்தேன். வாங்க மாட்டேன். காபி இருக்கா?”

இருந்தது. உள்ளே வந்தவர் உட்காரவில்லை. நான்கு மூலைகளிலும் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். அலமாரிகளைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்தார். “எலி,” என்றார். பிறகு சுவரில் மாட்டியிருந்த என் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்தார்.

“இந்தத் தொப்பிக்காரன் யாரு?”

“நான்தாங்க. மண்ணியல்ல முதுகலை. எங்க வீட்டுலயே காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆளு.” நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். அதைச் சொல்லும்போது எப்போதும் நிமிர்ந்துதான் நிற்பேன்.

“மண்ணு படிச்சவனா? நல்லதாப் போச்சு. என் வலது முட்டி புதுசா வச்சது, மடங்க மாட்டேங்குது. அடுத்த வண்டிக்கு நீ கீழ படு.”

இப்படித்தான் ஆர்டிஸ் ஸ்கோக்ஸ்டாட் எனக்கு அறிமுகம். போகும்போது ஜன்னல் அட்டையை எடுத்து, ‘விற்பனைக்கு’ என்பதன் கீழே, ‘கோடைக்கு மட்டும்’ என்று தன் கையால் எழுதிச் செருகிவிட்டுப் போனார். அடுத்த வாரமே ஒரு மாணவர் வந்து வாங்கிக்கொண்டார். ஒளிவுமறைவு இல்லாத ஆளிடம் வாங்குவது நிம்மதி என்றும் சொன்னார். நான் மறுக்கவில்லை.

அமெரிக்காவின் மோன்டானாவில் எழுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அதற்கு வாய் வரவில்லை. ‘ஆர்டிஸம்மா’ என்றேன். பின்னால் ஒட்டியிருக்கும் வால் என்ன என்று கேட்டார். மரியாதை என்றேன். “இருக்கட்டும், கனமா ஒண்ணுமில்ல,” என்று ஏற்றுக்கொண்டார்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மலையடிவாரப் பண்ணைகளிலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்து இறக்குவதும் மாலையில் திருப்பிக் கொண்டுபோய் விடுவதும் வேலை. அந்தப் பேருந்தில் ஓயாமல் ஒலிக்கும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: “உக்காரு. கைய உள்ள வை.” அதையே ஊரில் எல்லாரிடமும் சொல்வார். ஒருமுறை டிரெய்லர் விற்கும் தரகர் ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனபோது ஆர்டிஸ் அவரிடம், “உக்காரு,” என்றார். அவர் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் அவரும் அந்தப் பேருந்தில் போனவராம்.

கோட்டுப் பையில் தீக்குச்சிகளை மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருப்பார். இன்னொரு பையில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய லெஃப்ஸா, நம் சப்பாத்தி மாதிரி உருளைக்கிழங்கில் செய்வது. பசித்தால் அப்படியே எடுத்துக் கடிப்பார். தோளில் ஒரு கயிறு. முனை நைந்த, வெளுத்த, தடித்த சணல் கயிறு. எந்த டிரெய்லரைப் பார்க்கப் போனாலும் முதலில் அந்தக் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் தந்து வண்டியின் வால்பக்கம் நிற்கச் சொல்வார். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, வண்டியை இழுக்க மாட்டும் முன்பக்கக் கொக்கி வரை போவார். கயிற்றைவிட வண்டி நீளமாக இருந்தால் உள்ளே ஏறவே மாட்டார்.

கயிறு அவர் கணவர் ரோல்ஃபின் கூடாரத்துக் கயிறு. கதை முழுவதும் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.

அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டை தொடங்கும். நவம்பர் முடியும்வரை நடக்கும். ஸ்கோக்ஸ்டாட் குடும்பத்தின் முகாம் மலைக்குள் ஓர் ஓடைக்கரையில் இருக்கிறது. அரசாங்கக் காடுதான். ஆனால் எந்தக் குடும்பம் எந்த வளைவில் தங்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். முகாமுக்குள்ளும் அவரவர் இடம் அவரவருக்கு. ஆர்டிஸ், ரோல்ஃப் தம்பதியின் இடம் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி ஊசி இலைகளைக் கொட்டும் ஒரு பெரிய லார்ச் மரத்தின் அடி. மரத்துக்கும் காட்டுப்பாதை விளிம்புக்கும் இடைப்பட்ட நீளம்தான் அந்தக் கயிறு.

முகாமுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேட்டை தொடங்குவதற்கு முதல் நாள் மாலை, ரோல்ஃபின் அண்ணன் ஓர்வல் தன் தொப்பியைக் கழற்றி நீட்டுவார். ஒவ்வொரு கூரைக்கும் அடையாளம் கீறிய ஒரு தோட்டா போடலாம். கூடாரமோ டிரெய்லரோ, சொந்தமாக ஒரு கூரை நிற்க வேண்டும், அதற்குள் அடுப்பு எரிய வேண்டும். ஓர்வல் கண்ணை மூடி ஒவ்வொரு தோட்டாவாக எடுப்பார். முதலில் வந்த தோட்டாக்காரர், மானுக்குக் காத்திருக்கத் தனக்குப் பிடித்த மேட்டைத் தேர்ந்துகொள்வார். கடைசியில் வந்தவருக்கு எஞ்சியது. கூரை இல்லாதவர் விருந்தாளி. விருந்தாளி சமைப்பார், பாத்திரம் கழுவுவார், மற்றவர்கள் திரும்பி வரும்வரை நெருப்பைப் பார்த்துக்கொள்வார்.

போன வசந்தத்தில் ரோல்ஃப் இறந்துபோனார். கோடையில் ஆர்டிஸுக்கு முட்டி அறுவை. அவர் மருத்துவமனையில் இருந்த வாரத்தில், மகன் டுவைட் கூடாரத்தைத் தேவாலயத்து இளைஞர் குழுவுக்குக் கொடுத்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தரையில் படுத்தால் அம்மாவைக் குளிர் கொண்டுபோய்விடும் என்ற பயம்தான். வீட்டுக்கு வந்த அம்மாவிடம் அந்த ஏப்ரனைப் பரிசாகத் தந்து, “நீ என் டிரெய்லர்ல படுத்துக்கம்மா. வெதுவெதுன்னு இருக்கும். சமையல மட்டும் பாத்துக்க,” என்றார். டுவைட்டின் டிரெய்லர் பெரியது. இரண்டு டிவி இருக்கிறது.

“ஏப்ரன வாங்கிக்கிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“வாங்கிட்டேனே. நல்ல கெட்டித் துணி. தரையில போட்டுப் படுத்தா ஈரம் ஏறல.”

ஆக, தொப்பி சுற்றி வரும் மாலைக்குள் தனக்கென்று ஒரு கூரை வேண்டும். கூடாரம் போல முதுகைத் தரையில் வைக்காத கூரை. பூஜ்யத்துக்கு இருபது முப்பது டிகிரி கீழே போனாலும் உள்ளே மனுஷி உயிரோடு இருக்கக்கூடிய கூரை. கயிற்றைவிட நீளம் போகாத கூரை.

வாரக்கடைசிகளில் போனோம். நான் கீழே படுப்பேன். அவர் மேலே மிதிப்பார். “தொட்டிய மூடியிருக்கா?” “மூடியிருக்குங்க.” “தகடா, அட்டையா?” “அட்டை.” “எழுந்திரு, போகலாம்.” உள்ளே போனால் ஜன்னல் கண்ணாடி ஒற்றையா இரட்டையா என்று நகத்தால் தட்டுவார். கதவிடுக்கில் தீக்குச்சி கொளுத்திப் பிடிப்பார். சுடர் சாய்ந்தால் முகம் சுளிப்பார். கையில் தடித்த கம்பளி உறையை மாட்டிக்கொண்டு கதவுக் கைப்பிடியைத் திறக்கப் பார்ப்பார். “உறையைக் கழட்டித்தான் திறக்கணும்னா அது கதவே இல்ல.” படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி மறுபடி மாட்டுவார். புது முட்டி அதற்கு ஒத்துழைக்கிற உயரத்தில் படுக்கை இருக்க வேண்டும். ஈர பூட்ஸும் கம்பளியும் காயப்போட ஹீட்டர் பக்கத்தில் இடம் வேண்டும்.

ஒரு கடையில் பளபளவென்று ஒன்று நின்றது. ‘நாலு பருவத்துக்கும் ஏற்றது’ என்று பக்கவாட்டில் பெரிய ஸ்டிக்கர். ஆர்டிஸ் அதைத் தடவிப் பார்த்தார்.

“ஸ்டிக்கர் குளிரத் தாங்கும். வண்டி தாங்குமா?”

இன்னொன்றில் பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கச் சுவர் முழுவதும் வெளியே நகர்ந்து அறை அகலமாகும். விற்பவர் அதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். “சுவரு நகந்தா குளிரும் பின்னாடியே நகந்து உள்ள வரும். வீடுன்னா ஒரு இடத்துல நிக்கணும்பா,” என்றார் ஆர்டிஸ்.

குளிர்தாங்காத வண்டியில் இரண்டு குளிர்காலம் குடியிருந்து படித்தவன் என்ற முறையில் என்னிடமும் சில செய்திகள் இருந்தன. முதல் ஜனவரியில் கூரையிலிருந்த காற்றுத்துளையைத் தலையணை வைத்து அடைத்தேன். என் மூச்சே சுவரில் வியர்த்து உறைந்து, காலையில் போர்வை சுவரோடு ஒட்டியிருந்தது. பிய்த்துத்தான் எழுந்தேன். ஆர்டிஸ் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார். “எங்காளுங்க எல்லாரும் அதத்தான் பண்ணுவாங்க பையா. ஓட்டையப் பாத்தாக் கை சும்மா இருக்காது. எங்க முகாம்லயே ஒருத்தரு எல்லாத்தையும் அடச்சிட்டுப் படுத்தாரு. காலையில கதவு உறைஞ்சு போச்சு. கோடாலியால கொத்தி வெளிய எடுத்தோம். நல்லவேளை, ஹீட்டர் கேஸ் அவர எடுத்துக்கல.” கொஞ்சம் நிறுத்தி, “ஓர்வல்தான். நான் சொன்னேன்னு சொல்லாத,” என்றார்.

அக்டோபர் நடுவில்தான் அது கிடைத்தது. எம்மெட் ராஷ் என்ற கோதுமை விவசாயி வீட்டுக் கொட்டகையில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால். கனடாவில் செய்தது, பழசு, கட்டையானது, நிறம் காபித்தூள். நான் கீழே படுத்தேன். வயிறு முழுக்கத் தகடு, குழாய்கள் எல்லாம் சூடான பகுதிக்குள்ளே. சுவர் கனம். இரட்டைக் கண்ணாடி. எலி வாசனை இல்லை. ராஷ் வீட்டில் பூனைகள் நிறைய. தீக்குச்சிச் சுடர் நேராக நின்றது. ஆர்டிஸ் பூட்ஸைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் பிடித்துப்போயிற்று என்று அர்த்தம்.

“கயிறு,” என்றார் பிறகு. வழக்கத்தில் முதலில் செய்வதை அன்று கடைசிக்கு வைத்திருந்தார்.

ஒரு சாண் போதவில்லை. பின்பக்கம் உதிரிச் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புப் பம்பர் கயிற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நான் கயிற்றை இன்னும் இழுத்துப் பிடித்தேன். “இழுக்காத. கயிறு பொய் சொல்லக் கூடாது,” என்றார்.

ராஷ் பல்லுக்குச்சியை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றினார். “ஒரு சாண் ரோட்டுல நீட்டுனா யாரு கேக்கப்போறா ஆர்டிஸ்?”

“ஓர்வல் கேப்பான். கேக்கலன்னா நான் கேப்பேன்.”

முகாமில் பாதையை மறிக்கக் கூடாது. வனத்துறை வண்டி வரும், அடிபட்டவரைக் கொண்டுபோகும் வண்டியும் வரும். மறித்து நிற்கும் கூரை கூரைக் கணக்கில் சேராது. அது ஓர்வலின் அப்பா காலத்து விதி. இருந்தாலும் ஆர்டிஸ் அதை வாங்கித் தன் பிக்கப்பில் மாட்டி வீட்டுக்கு இழுத்துவந்துவிட்டார்.

மறுநாள் டுவைட் வந்தார். நல்ல உயரம், நல்ல தொப்பை, அம்மா முன்னால் மட்டும் குரல் இறங்கும். வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“அம்மா, இது டின் டப்பா.”

“உள்ள போய் உக்காந்து பாரு. டப்பாவுக்குள்ள நீ வேர்ப்ப.”

“நீளம் ஒத்து வரலியாமே?”

“ராஷ் சொன்னானா? வாய ஒரு நாள் மூடமாட்டான்.”

டுவைட் தலையைச் சொறிந்தார். உதவ வேண்டும் என்றுதான் அதைச் சொன்னார்: “அந்த லார்ச்ச வெட்டிடலாமா? பாதி காஞ்ச மரம்தானே. நான் வனத்துறையில கேக்கறேன்.”

“காஞ்சதா? போன வருஷம் உன் தலைமேல மஞ்சளாக் கொட்டுச்சே, அது என்ன?”

“அம்மா, ஒரு மரம்மா…”

“மரம் அரசாங்கத்துது. பம்பர் என்னுது. உன் இரும்பு அறுக்குற மெஷின எடுத்துட்டு வா.”

டுவைட் தரவில்லை. வண்டி கெட்டுப்போகும், மதிப்பு போய்விடும், பிறகு யாரும் வாங்கமாட்டார்கள் என்றார். “விக்கிறதுக்கா வாங்குனேன்? சாகுற வரைக்கும் வச்சிருக்க வாங்குனேன்,” என்று சொல்லிவிட்டு, பேருந்துக் கொட்டகையிலிருந்து மெஷினைக் கேட்டு வாங்கிவந்தார். அன்று நான் பார்த்ததை மறக்க முடியாது. கறுப்புக் கண்ணாடி, ஆரஞ்சுத் தொப்பி, முட்டி மடங்காததால் ஒரு மணைமேல் உட்கார்ந்த கோலம். கையில் மெஷின் கத்த, பொறி நாலாபக்கமும் சிதறிற்று. அறுத்த இடம் கொஞ்சம் கோணல். அதை மறைக்கவில்லை. வேட்டைத் தொப்பியின் ஆரஞ்சு நிறத்திலேயே சாயம் அடித்தார். கோணல் இன்னும் நன்றாகத் தெரிந்தது. உதிரிச் சக்கரம் பிக்கப்பின் முதுகுக்குப் போயிற்று.

குழாய்களில் இருந்த தண்ணீரையும் சொட்டு விடாமல் இறக்கிவிட்டார். குடிக்கச் சமைக்கக் கேன்களில் தண்ணீர், மற்றதற்கு வாளி. அடியில் அத்தனை நல்ல தகடு இருக்க இதெதற்கு என்று கேட்டேன். “தண்ணியே இல்லாத குழா எப்படிடா வெடிக்கும்?” என்றார்.

வேட்டைக்கு முதல் நாள் மதியம் நாங்கள் மலையேறினோம். ஓடைக்கரையில் பனி கணுக்கால் அளவு கிடந்தது. லார்ச் மரம் ஊசி இலைகளில் பாதியை உதிர்த்துவிட்டு மஞ்சளாக நின்றது. தண்டில் கயிறு அறுத்த பழைய தழும்பு இருந்தது. ஓர்வல், டுவைட், மற்ற முகாம்காரர்கள் இருவர், எல்லாரும் வந்து நின்றுகொண்டு ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். “லெஃப்ட்ல ஒடி!” “ரைட்டு, ரைட்டு!” “நில்லு, நில்லு, மரம்!” ஆர்டிஸ் பிக்கப்பின் ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். வாய்கள் அசைவது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரே மூச்சில் வண்டியைப் பின்னால் தள்ளி, ஆரஞ்சுக் கோணல் மரத்தைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்தினார்.

ஓர்வல் பாதையோரம் நடந்துவந்தார். எண்பது வயது, வளைந்த கால்கள். கொக்கியின் முனைக்கும் பாதை விளிம்புக்கும் நடுவே தன் முஷ்டியை வைத்துப் பார்த்தார். முஷ்டி உள்ளே போயிற்று.

“பம்பர் எங்க?”

“வீட்ல.”

“உதிரிச் சக்கரம்?”

“பிக்கப்ல.”

“அடுப்பு?”

“உள்ள வந்து பாரு. கதவு உறையல, பயப்படாத.”

ஓர்வல் வேகமாக என் பக்கம் திரும்பினார். நான் மரத்தைப் பார்த்தேன். உள்ளே ஏறிப் போனவர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வரும்போது கோட்டின் பொத்தான்கள் எல்லாம் திறந்திருந்தன. தன் தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

நான்கு தோட்டாக்கள் விழுந்தன. ஆர்டிஸ் கடைசியாக வந்து தன்னுடையதைப் போட்டார். போடும்போது கையை உயரத் தூக்கிப் போட்டார், விழுகிற சத்தம் கேட்கட்டும் என்று. ஓர்வல் கண்ணை மூடினார். முதலில் வந்தது டுவைட்டுடையது. அவருக்கு ஓடையோர மேடு, உட்கார்ந்த இடத்துக்கே மான் வரும். பிறகு மற்றவர்கள். தொப்பியின் அடியில் கடைசியாகக் கிடந்தது ஆர்டிஸின் தோட்டா. எஞ்சியிருந்தது ‘கழுதைமுதுகு’ என்று அவர்கள் சொல்லும் மேடு. செங்குத்து, காற்று, யாருமே விரும்பாத இடம்.

டுவைட் கொஞ்ச நேரம் பனியை மிதித்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவின் பக்கத்தில் வந்து, “அம்மா, என் இடத்த நீ எடுத்துக்க. நான் கழுதைமுதுகுக்குப் போறேன். உன் முட்டி…” என்றார்.

“உன் இடத்துல நீ உக்காரு டுவைட். கைய உள்ள வை.”

எல்லாரும் சிரித்தார்கள். டுவைட்டும் சிரித்தார். அவர் கண் மட்டும் சிரிக்கவில்லை. ஆர்டிஸ் அவர் கன்னத்தைத் தட்டினார். பிறகு ஓர்வல் தொப்பியை மாட்டிக்கொண்டு, “அப்போ ராத்திரிக்குச் சமையல் யாரு?” என்று கேட்டார். பழக்கதோஷம், எல்லாத் தலைகளும் ஆர்டிஸ் பக்கம் திரும்பின.

ஆர்டிஸ் பிக்கப்பின் முன்சீட்டைத் திறந்து ஏப்ரனை எடுத்தார். சேறு, கிரீஸ், வைக்கோல், ராஷ் வீட்டுப் பூனைமுடி எல்லாம் ஒட்டியிருந்தது. ராணியைப் பாதிதான் படிக்க முடிந்தது. அதை ஓங்கி இரண்டு தரம் உதறினார். நேராக என்னிடம் வந்து, கழுத்தில் மாட்டி, என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகுப் பக்கம் இறுக்கி முடிச்சுப் போட்டார்.

இதை எழுதும் இந்தக் காலையில் நான் அதே ஏப்ரனோடு காபித்தூள் நிற டிரெய்லருக்குள் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கிறேன். காற்றுத்துளை ஒரு விரல் திறந்திருக்கிறது. ஆர்டிஸ் கழுதைமுதுகின்மேல் இருக்கிறார்.